எண்ணும் நாள், நோக்கும் நாள்: கிள்ளான் பள்ளத்தாக்கில் சீனர்களின் நாள் குறிப்பு

கோலாலம்பூரில் பழைய நாளில் ஹை ஸ்திரீட் என்று வழங்கிய இன்றைய ஜாலான் துன் எச்.எஸ். லீயில், தம்புசாமிப் பிள்ளை 1873இல் தோற்றுவித்த ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயமும், குவாங்டோங் வழிச் சீனர்கள் 1880களின் இறுதியில் எழுப்பிய குவான் தி கோயிலும் சில கடைகளே இடைவெளியாக அமைந்துள்ளன. இவ்விரு கோயில்களையும் சுற்றி வாழும் மக்கள் திருமணம், புதுமனை புகுதல், கடை திறப்பு ஆகியவற்றுக்கு நாள் பார்க்காமல் காலெடுத்து வைப்பதில்லை. ஆனால் தமிழர் திருக்கணிதமோ வாக்கியமோ ஏதேனும் ஒரு பஞ்சாங்கத்தைப் புரட்டும்போது, சீனர் துங் சிங் எனப்படும் தமது ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் புரட்டுகின்றனர். கிள்ளானில் ஹொக்கியன் சீனரும் தமிழரும் நெருங்கி வாழும் வீதிகளிலும், பிரிக்பீல்ட்ஸிலும் இந்த இரண்டு கணக்குகளும் தலைமுறை தலைமுறையாக அருகருகே நடந்து வந்தும், ஒன்றைப் பின்பற்றுவோருக்கு மற்றொன்றின் உள்ளமைப்பு பெரும்பாலும் தெரிவதில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே வகையாகத் தோன்றினாலும், அடிப்படையில் தமிழ்ப் பஞ்சாங்கம் வானில் சந்திரன் நிற்கும் இடத்தை நோக்குவது, சீனப் பஞ்சாங்கமோ நாள்களை வரிசையாக எண்ணுவது என்ற வேறுபாடு பல விளைவுகளுக்குக் காரணமாகிறது.

துங் சிங், தைத்த பழைய முறைப் புத்தகமாகவும், அதன் சாரம் நாள்தோறும் கிழிக்கும் நாள்காட்டியாகவும் கிடைக்கிறது. தென்சீனப் பஞ்சாங்க மரபில் புகழ்பெற்ற குடும்பங்கள் உண்டு. புக்கியன் மாநிலத்தின் சுவான்சௌ நகரில் சிங் அரசர் காலத்தில் எழுந்த ஹோங் குடும்பத்தாரின் கணிப்பும், குவாங்சௌவில் தோன்றிப் பின்னர் ஹாங்காங்கில் நிலைபெற்ற சாய் குடும்பத்தாரின் கணிப்பும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. நாள்காட்டித் தாளில் செய்யத்தக்கவை, தவிர்க்கத்தக்கவை என இரு தலைப்புகளின் கீழ் மணமுடித்தல், கட்டில் இடுதல், மண் வெட்டுதல், வீடு புகுதல், கடை திறத்தல், பயணம், அடக்கம் முதலிய செயல்கள் நிரல்படுத்தப்பட்டிருக்கும். அன்றைய நாள் எந்த விலங்குக் குறியில் பிறந்தவரோடு மோதுகிறது என்பதும், எத்திசை தீயது என்பதும் அத்தாளிலேயே இருக்கும். சந்திராஷ்டமமும் சூலமும் அச்சிட்ட தமிழ் நாள்காட்டியைக் கிழித்துப் பழகிய கைக்கு இவை புதியனவல்ல.

கணக்கின் அடித்தளம் பத்து வானத்தண்டுகளும் பன்னிரண்டு நிலக்கிளைகளும் ஆகும். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்னும் ஐந்து பூதங்களும் யாங், யின் என இரு நிலைகளாகப் பிரிந்து பத்துத் தண்டுகள் ஆகின்றன; எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி ஆகிய விலங்குகளால் மக்கள் நினைவில் கொள்ளும் பன்னிரண்டும் கிளைகள். ஒரு தண்டும் ஒரு கிளையும் இணையாகவே முன்னேறுவதால், பத்துக்கும் பன்னிரண்டுக்கும் பொதுவான மிகச்சிறிய மடங்காகிய 60ஆம் அடியில் தொடங்கிய இணையே மீண்டும் வருகிறது. பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டுகளை எண்ணும் தமிழர்க்கு இச்சுழற்சி உடனே விளங்கும். சீனச் சுழற்சியின் அண்மைய தொடக்கம் 1984, தமிழ்ச் சுழற்சியின் தொடக்கம் 1987 என்பதால், 2026இல் தொடங்கும் சீனக் குதிரை ஆண்டு 43ஆவதாகவும், தமிழ்ப் பராபவ ஆண்டு 40ஆவதாகவும் அமைகின்றன. ஆனால் தமிழர் இச்சுழற்சியை ஆண்டுக்கு மட்டுமே பயன்படுத்த, சீனர் மாதத்துக்கும் நாளுக்கும் இரண்டு மணி நேர ஓரைக்கும்கூட அதையே பயன்படுத்துகின்றனர். பிறந்த ஆண்டு, மாதம், நாள், ஓரை என்னும் நான்கு தூண்களுக்கும் தலா ஒரு தண்டும் ஒரு கிளையுமாக வரும் எட்டு எழுத்துகளே சீனரின் சாதகம்.

நாளின் தன்மையை உரைக்கும் விதிகளில் மிகப் பழையதும் எளியதும் பன்னிரண்டு நாள்காவலர் முறை. நிறுவல், அகற்றல், நிறைவு, சமன், உறுதி, பற்றல், உடைவு, இடர், கைகூடல், ஈட்டல், திறப்பு, அடைப்பு எனப் பன்னிரு காவலர் நாள்தோறும் முறை மாறி வருவர். மாதத்துக்குரிய கிளையும் நாளுக்குரிய கிளையும் ஒன்றாக இருக்கும் நாள் நிறுவல் நாள்; அதற்கு அடுத்த கிளை அகற்றல்; இவ்வாறே வரிசை செல்லும். மாதம் மாறும் நாளில் மாதக்கிளையும் ஒரு படி நகர்ந்துவிடுவதால், முந்திய நாளின் காவலரே மறுநாளும் நிற்பார். அகற்றல் நாள் வீட்டைத் துப்புரவு செய்யவும் மருந்துண்ணவும் ஏற்றது, ஈட்டல் நாள் கடன் வசூலிக்க ஏற்றது, அடைப்பு நாள் பள்ளம் மூட ஏற்றது, மாதத்தோடு நேர் எதிராக மோதும் உடைவு நாள் பழைய கட்டடத்தை இடிப்பதைத் தவிர வேறெதற்கும் ஆகாதது என்று விதிகள் செல்கின்றன. பெயரைச் சொன்னாலே பலனும் தெரிந்துவிடும் இவ்வமைப்பில், எழுத்தறிவு குறைந்த உழவரும் வணிகரும் பயன்படுத்துவதற்கான எளிமை இருக்கிறது.

மலேசியர் அனைவருக்கும் தெரிந்த நாள் ஒன்றை வைத்து இதைச் சோதிக்கலாம். மலாயா விடுதலை பெற்ற 1957 ஆகஸ்டு 31, அறுபது நாள் சுழற்சியில் பன்னிரண்டாவது நாள், யின் மரமும் பன்றியும் சேர்ந்தது. ஆகஸ்டு 8 வாக்கில் தொடங்கிச் செப்டம்பர் 8 வாக்கில் முடியும் அம்மாதத்தின் கிளை குரங்கு. குரங்கிலிருந்து எண்ணினால் சேவல் அகற்றல், நாய் நிறைவு, பன்றி சமன். எனவே சீனக் கணக்கில் மெர்டேக்கா நாள் பாம்புக் குறியினருக்கு மோதல் நாள், மேற்குத் திசை தீயது, காவலர் சமன். சுவரைப் பூசி அழகுபடுத்தவும் வழியைச் செப்பனிட்டு மட்டப்படுத்தவும் உகந்ததென்று பழைய நூல்கள் கூறும் நாள் அது. புது நாட்டின் முதல் நாளுக்குப் பொருந்தாத தொழில் என்று சொல்ல முடியாது.

மேற்கண்ட கணக்கில் மாதம் என்பது அமாவாசையில் தொடங்கும் சீன மாதம் அன்று. சீனப் புத்தாண்டும் நடு இலையுதிர் விழாவும் சந்திர மாதத்தால் வருவனவாயினும், நாள் குறிப்போர் சூரியனின் பாதையை 24 பங்காகப் பிரித்த பருவக்குறிகளையே மாத எல்லையாகக் கொள்வர். யுனெஸ்கோ 2016இல் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த இந்த 24 குறிகளில் முதலாவது பிப்ரவரி 4 வாக்கில் வரும் வசந்தத் தொடக்கம். முன்னோர் கல்லறைக்குச் செல்லும் ஏப்ரல் 5 வாக்கிலான சிங் மிங்கும் இவற்றுள் ஒன்றே. தமிழ் மாதமும் சூரிய மாதமே எனினும், சீனர் இரவும் பகலும் சமமாகும் நாளை அடிப்படையாகக் கொள்ள, தமிழர் விண்மீன் பின்னணியை அடிப்படையாகக் கொள்வதால், மார்ச் 20 வாக்கில் நிகழும் சமநாளுக்கும் சித்திரை முதல் நாளுக்கும் ஏறத்தாழ 24 நாள் இடைவெளி விழுந்துள்ளது.

ஒரு சீன ஆண்டில் வசந்தத் தொடக்கம் வராமலே போவதும், இருமுறை வருவதும் இந்த இரட்டைக் கணக்கால்தான். டிராகன் ஆண்டு 2024 பிப்ரவரி 10இல் தொடங்கி 2025 சனவரி 28இல் முடிந்ததால், அதன் இரு முனைகளுக்கும் வெளியே வசந்தத் தொடக்கம் நின்றுவிட்டது. இத்தகைய ஆண்டைக் கைம்பெண் ஆண்டு என்று கூறித் திருமணத்தைத் தள்ளிவைப்போர் உண்டு. அடுத்து வந்த பாம்பு ஆண்டு 2026 பிப்ரவரி 16 வரை நீண்டு, ஆறாம் மாதம் இருமுறை வந்து, வசந்தத் தொடக்கமும் இருமுறை அமைந்ததால், அதை மணத்துக்கு மிக உகந்ததென்றனர். கணித நோக்கில் இது சந்திர ஆண்டும் சூரிய ஆண்டும் ஒன்றுக்கொன்று விலகி மீண்டும் ஒத்துவரும் இயல்பான ஏற்பாடே தவிர வேறில்லை. 19 ஆண்டில் 7 முறை கூடுதல் மாதம் சேர்க்கும்போது இந்த ஏற்றத்தாழ்வு தவிர்க்க முடியாதது. ஒரே மாதத்தில் இரண்டு அமாவாசை விழுந்தால் மல மாதம் என்று முகூர்த்தத்தை நிறுத்தும் தமிழர், சீனரின் இந்த அச்சத்தைக் கண்டு சிரிக்க இயலாது.

எண்ணுதலுக்கும் நோக்குதலுக்கும் உள்ள வேறுபாடு மிகத் தெளிவாகப் புலப்படுவது விண்மீன் வீடுகளில்தான். தமிழருக்கு 27 நட்சத்திரங்கள் இருப்பதுபோல் சீனருக்கு 28 விண்மீன் வீடுகள் உண்டு; கார்த்திகைக் கூட்டத்தை அவர்கள் மாவ் என்றும், ரோகிணிப் பகுதியைப் பி என்றும் அழைக்கின்றனர். தமிழ்ப் பஞ்சாங்கத்தில் கார்த்திகை நாள் என்றால் சந்திரன் அன்று அந்த விண்மீன் பகுதியில் இருக்கிறது என்று பொருள். அது எந்தக் கிழமையிலும் வரலாம், நடுப்பகலில் முடிந்து ரோகிணிக்கு இடம் விடலாம். துங் சிங்கிலோ 28 வீடுகள் நாளுக்கொன்றாகச் சுற்றி வருகின்றன. 28 என்பது ஏழின் நான்கு மடங்கு ஆதலால் மாவ் எப்போதும் ஞாயிற்றுக்கிழமையிலும், பி எப்போதும் திங்கட்கிழமையிலும் மட்டுமே விழும். சந்திரன் அன்றிரவு வானின் எந்த மூலையில் இருந்தாலும் அந்தக் கணக்குக்குக் கவலையில்லை. விண்ணிலிருந்து எடுத்த பெயர்கள் விண்ணை விட்டுப் பிரிந்து, எண்ணிக்கையின் பெயர்களாகவே நிலைத்துவிட்டன.

ஏழு நாள் கிழமை சீனக் கணக்குக்குள் நுழைந்த வழியில் இந்தியத் தடம் அழுத்தமாக உள்ளது. தாங் அரசர் காலத்தில் சீன அரசின் வானியல் துறையில் பணியாற்றிய இந்திய மரபினர் கௌதம சித்தர் 718இல் நவகிரக நூலொன்றைச் சீனத்தில் தந்தார். தென்னிந்தியாவில் பிறந்து, பல்லவர் நாட்டோடு தொடர்புடையவராகச் சீன வரலாறுகள் குறிப்பிடும் வச்சிரபோதி, இலங்கையும் ஸ்ரீவிஜயமும் வழியாகக் கடலில் பயணம் செய்து 720 வாக்கில் சீனம் சேர்ந்தார். அவருடைய மாணவர் அமோகவச்சிரர் 759இல் சீனத்தில் வழங்கிய நூல், கிழமைக் கோள்களையும் நட்சத்திரங்களையும் கொண்டு நாள் பார்க்கும் முறையை அங்கு பரப்பியது. நடு ஆசியாவின் சோக்தியர் ஞாயிற்றுக்கிழமைக்கு வழங்கிய சொல்லின் சுருக்கமாகிய மி என்னும் எழுத்து, ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் 19ஆம் நூற்றாண்டுச் சீனப் பஞ்சாங்கங்களில் ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே அச்சாகிக்கொண்டிருந்தது. மலாக்கா நீரிணை வழியே சென்ற துறவியரின் சரக்கில் நாள் பார்க்கும் கலையும் இருந்தது என்பதைப் பொதுவான வரலாற்று நூல்கள் போதிய அளவு எடுத்துரைப்பதில்லை.

ஆயினும் சீன நாள் குறிப்பு இந்தியாவிலிருந்து இரவல் வாங்கியதன்று. ஹூபெய் மாநிலத்தின் ஷுய்ஹூதியில் 1975இல் அகழ்ந்த, கி.மு. 217 வாக்கிலான அரசு அலுவலர் ஒருவரின் கல்லறையில், சட்ட நூல்களோடு மூங்கில் பட்டைகளில் எழுதிய இரண்டு நாள் நூல்களும் கிடைத்தன. அவற்றில் பன்னிரு காவலர் முறை ஏற்கெனவே முழு வடிவில் உள்ளது. சட்டம் நடத்தியவரே நாள் நூலையும் உடன் வைத்திருந்தார் என்பது, அக்காலத்தில் இது ஆட்சிக் கருவிகளில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று எண்ண இடமளிக்கிறது.

நாள் குறிப்போர் தமக்குள் முரண்பட்டதும் அதே அளவு பழையது. கி.மு. 141 முதல் 87 வரை ஆண்ட ஹான் மரபின் ஊ பேரரசர், குறித்த ஒரு நாளில் பெண் கொள்ளலாமா என்று பல மரபுச் சோதிடர்களைக் கேட்டபோது, ஐம்பூத மரபினர் ஆகும் என்றனர், காவலர் மரபினர் தீது என்றனர், மற்றொரு மரபினர் பெருந்தீது என்றனர், வேறொருவர் பெருநன்மை என்றனர். வாதம் முடியாத நிலையில் ஐம்பூத மரபையே முதன்மையாகக் கொள்க எனப் பேரரசர் ஆணையிட்டார் என்று சீமா சியன் தொடங்கிய வரலாற்று நூலில் பிற்காலத்தவர் சேர்த்த பகுதி கூறுகிறது. வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் இடையே ஆண்டுதோறும் எழும் வழக்கை அறிந்த தமிழ் வாசகர் இப்பேரரசருக்காக இரங்கலாம். கி.பி. முதல் நூற்றாண்டில் வாங் சுங் என்னும் அறிஞர் நாள் விலக்குகளையே கேள்விக்குட்படுத்தித் தம் நூலில் ஓர் இயலை ஒதுக்கினார். நாளும் கோளும் அடியவரை ஒன்றும் செய்யா என்னும் நிலையில் திருஞானசம்பந்தரின் கோளறு பதிகம் தமிழில் நிற்பது இங்கு நினைவுக்கு வரும், ஆயினும் சம்பந்தர் பக்தியிலிருந்து பேச, வாங் சுங் தருக்கத்திலிருந்து பேசினார். 18ஆம் நூற்றாண்டில் சியென்லோங் பேரரசர் காலத்தில், பெருகிக் குழம்பிய விதிகளை ஒழுங்குபடுத்திப் பெரும் தொகுப்பு ஒன்றை அரசே வெளியிட்டது. இன்றைய துங் சிங்கின் பல விதிகளுக்கு அதுவே அதிகாரம்.

பொது நாள் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, உரியவருக்கும் அது பொருந்த வேண்டும். எலிக்குக் குதிரை, எருதுக்கு ஆடு, புலிக்குக் குரங்கு, முயலுக்குச் சேவல், டிராகனுக்கு நாய், பாம்புக்குப் பன்றி எனக் கிளைகள் எதிரெதிர் நிற்பதால், ஒவ்வொருவருக்கும் 12 நாளுக்கு ஒருமுறை மோதல் நாள் வருகிறது. பிறந்த இராசிக்கு எட்டாமிடத்தில் சந்திரன் ஏறத்தாழ இரண்டேகால் நாள் தங்கும் சந்திராஷ்டமத்தின் பணியைச் சீனக் கணக்கில் இதுவே செய்கிறது. திருமணத்துக்கு நாள் குறிப்பவர் மணமக்களின் எட்டெழுத்தோடு, இரு வீட்டுப் பெற்றோரின் விலங்குக் குறிகளையும் கேட்டு, எவரோடும் மோதாத நாளைத் தேடுவதால், ஆறு பேரைக் கடந்து எஞ்சும் நாள்கள் ஆண்டுக்கு மிகச் சிலவே ஆகிவிடுகின்றன. தேர்ந்த நாளைச் சிவப்புத் தாளில் எழுதித் தருபவருக்குச் சிவப்பு உறையிலிட்ட பணமாகிய அங்பாவ் தரப்படும். அத்தாளில் மணநாள் மட்டும் இருப்பதில்லை. மணமகன் வீட்டார் சீர்வரிசை கொண்டுசெல்லும் நாள், மணக்கட்டில் இடும் நாளும் நேரமும், தலைவாரும் சடங்கின் நேரம், மணமகளை அழைக்கச் செல்லும் ஓரை ஆகியவையும் அடங்கும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் பொது வாழ்விலும் இக்கணக்கின் சுவடு தெரிகிறது. சீனப் புத்தாண்டுக்குப் பின் பட்டறைகளும் மொத்த வணிகக் கடைகளும் அரசு விடுமுறை முடிந்ததும் திறந்துவிடுவதில்லை. முதலாளி குறித்த நாளில், பல இடங்களில் எட்டாம் நாளில், சிங்க நடனத்தோடு கதவு திறக்கும் வரை அங்கு வேலை செய்யும் தமிழரும் காத்திருப்பர். புதுமனை புகும்போது தமிழர் பால் காய்ச்சுவதுபோல், சீனர் அரிசிப் பானையும் அடுப்பும் முதலில் கொண்டுவந்து, அன்னாசிப் பழத்தை வாசல் வழியே உருட்டிவிடுகின்றனர். பிரிக்பீல்ட்ஸுக்கு அருகே ராப்சன் குன்றில் ஹைனான் சங்கத்தார் கட்டிய, 1989இல் முறைப்படி திறக்கப்பட்ட தியான் ஹாவ் ஆலயத்தில் திருமணப் பதிவும் நடைபெறுவதால், நல்ல நாள்களில் அங்கு இணையர் கூடுவது வழக்கம். 11.11.11, 12.12.12 போன்ற நாள்களில் கூடிய கூட்டம் துங் சிங்கால் வந்ததன்று. ஆங்கில நாள்காட்டியின் எண் அழகில் பிறந்த புதுப் பழக்கம் அது, துங் சிங் அந்நாளைத் தவிர்க்கச் சொன்னாலும் இளையோர் பொருட்படுத்துவதில்லை.

இரு பஞ்சாங்கங்களும் ஒரே வீட்டுக்குள் சந்திக்கும் இடம் கலப்புத் திருமணம். தமிழர், சீனர் மண உறவு இப்பகுதியில் அரிதன்று; சீனப் பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் தத்தெடுத்து வளர்த்த வழக்கமும் மலாயாவில் இருந்தது. இத்தகைய வீட்டார் நாள் தேடும்போது முதலில் தடுக்கி நிற்பது மாதங்களில். தமிழர் ஆடியில் மணம் முடிப்பதில்லை, பல குடும்பங்கள் புரட்டாசியிலும் தவிர்க்கின்றன. சீனர் ஆவிகள் உலவுவதாக நம்பும் ஏழாம் மாதத்தில் மணமோ வீடு மாற்றமோ வைப்பதில்லை. 2024இல் ஆடி சூலை 17இல் தொடங்க, ஏழாம் மாதம் ஆகஸ்டு 4 முதல் செப்டம்பர் 2 வரை அதன்மேல் ஏறிக்கொண்டது. 2025இல் சீனரின் கூடுதல் மாதத்தால் ஏழாம் மாதம் ஆகஸ்டு 23 முதல் செப்டம்பர் 21 வரை தள்ளிச் சென்றதால், சூலை நடுவிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரையிலான மூன்று மாதத்தில் இரு வீட்டாருக்கும் விலக்கில்லாதவை ஆவணியின் முதல் ஆறு நாள்களே. அவற்றிலும் மோதல் நாளையும் கரிநாளையும் கழித்தபின் மண்டபம் கிடைக்க வேண்டும்.

மாதம் ஒத்துவந்த பின் மணி ஒத்துவர வேண்டும், இங்குதான் எண்ணுதலும் நோக்குதலும் வெவ்வேறு சிக்கல்களைத் தருகின்றன. திதியும் நட்சத்திரமும் சந்திரனின் உண்மையான இருப்பைச் சார்ந்தவை ஆதலால், சென்னையில் அச்சிட்ட பஞ்சாங்கத்தின் முடிவு நேரங்களோடு மலேசியர் இரண்டரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். தீபகற்ப மலேசியா 1982 சனவரி 1 முதல் கடிகாரத்தை அரைமணி முன்னே நகர்த்தும் வரை இரண்டு மணி கூட்டினால் போதுமானதாக இருந்தது. சூரிய உதயத்தைச் சார்ந்த இராகு காலம் இன்னும் இடர்ப்பாடானது: உதயத்தைக் காலை 6 மணியாகக் கொண்டு திங்களன்று 7.30 முதல் 9 வரை என மனப்பாடமாகச் சொல்லும் கணக்கு, 7.10 வாக்கில் சூரியன் உதிக்கும் கோலாலம்பூரில் ஏறத்தாழ 8.40 முதல் 10.10 வரை என்றாகிவிடும்; ஊருக்குக் கணிக்காத நாள்காட்டியை நம்புவோர் இராகு காலத்தைத் தவிர்ப்பதாக எண்ணி அதற்குள்ளேயே தாலி கட்ட வாய்ப்புண்டு. சீன நாளுக்கு இத்தொல்லை இல்லை. அறுபதின் வரிசையில் வரும் நாள் பெய்ஜிங்குக்கும் கிள்ளானுக்கும் ஒன்றே, இரு நாடுகளின் கடிகாரமும் இன்று ஒன்றே. ஓரையில் மட்டும் நுட்பம் பார்ப்போர் கருத்து வேறுபடுகின்றனர்: அந்தக் கடிகாரம் கிழக்கு 120 பாகைக்குரியது, கோலாலம்பூரோ 101.7 பாகையில் உள்ளது என்பதால், சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1.13 வாக்கில். இந்த 73 நிமிட வேறுபாட்டைக் கழித்துப் பிறந்த ஓரையைக் கணிப்போரும் உண்டு, கடிகாரம் காட்டுவதையே ஏற்போரும் உண்டு.

சட்டம் இரண்டு பஞ்சாங்கங்களையும் அறியாது. 1982 மார்ச்சு 1 முதல் நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் முஸ்லிம் அல்லாதோர் திருமணத்தைப் பதிவு செய்யக் கோருகிறது. பொதுவாக 21 நாள் முன்னறிவிப்பும் வேண்டும். கோயில்களிலும் சீனச் சங்கங்களிலும் துணைப் பதிவாளர்கள் நியமிக்கப்பட்டிருப்பதால், துங் சிங் தந்த நாளில் பதிவையும் தமிழ் முகூர்த்தத்தில் தாலி கட்டுதலையும் தனித்தனி நாளில் வைத்துக்கொள்ளக் கலப்புக் குடும்பங்களுக்கு வழியிருக்கிறது. அவ்வாறு பிரித்துக்கொண்டவர்களுக்குச் சட்டப்படி மணநாள் துங் சிங்கின் நாளே, ஆண்டுதோறும் விருந்து வைப்பது எந்த நாளில் என்பதை வீட்டார் தம்முள் பேசி முடிவு செய்துகொள்கின்றனர்.